பள்ளிக் கலைவிழாவில் கும்மி, கரகம், பறை: உங்கள் பிள்ளைகள் பள்ளியில் எப்படி நடக்கிறது?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வருசம் அவள் பள்ளியில் வழக்கமான ஆண்டு விழாவுக்குப் பதிலாக, பொங்கல் விடுமுறைக்கு முன்னால் நாட்டுப்புறக் கலைவிழா வைத்தார்கள். மேடை கிடையாது. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் பெரிய வட்டம் போட்டு, சுற்றிலும் ஜமக்காளம் விரித்துவிட்டார்கள். அத்தை, மாமா, நாத்தனார் குடும்பம் என்று வீட்டோடு போய் உட்கார்ந்தோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒரு இடத்தில்கூட ஒலிப்பதிவு ஓடவில்லை என்பதுதான். நையாண்டி மேளக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு எல்லாம் பத்தடி தூரத்தில். தவிலின் வலந்தலையில் விரல்கூடு பட்டுத் தெறிக்கிற சத்தம் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. ஆடுகிற பிள்ளை ஒரு அடி தவறவிட்டால், தவில்காரர் அவளைப் பார்த்துக்கொண்டே அந்த அடியை இன்னொரு சுற்று வாசித்து அவளைச் சேர்த்துக்கொண்டார். ஒலிப்பதிவு இப்படிக் காத்திருக்காது.

கும்மி ஆரம்பித்தபோது அத்தையால் உட்கார முடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவர். முளைப்பாரிக்கு வருசா வருசம் கும்மி கொட்டியவர். எழுந்து போய் பிள்ளைகளோடு வட்டத்தில் நின்றுவிட்டார். "விரலால தட்டாதீங்கடா, உள்ளங்கையக் குழிச்சு அடிங்க, அப்பத்தான் சத்தம் கனக்கும். குனியும்போது ஒண்ணு, நிமிரும்போது ஒண்ணு" என்று சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் நாலைந்து பாட்டிகள் சேர்ந்துவிட்டார்கள், அப்புறம் அம்மாக்கள். பயிற்சி கொடுத்த டீச்சர் ஒதுங்கி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதை ஆண்டுதோறும் வைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். செலவு, படிப்பு கெடும் என்று மறுப்புகள் வரும். உங்கள் ஊரில் எப்படி நடக்கிறது, எது நன்றாக அமைந்தது, எது அமையவில்லை என்று சொன்னால் அங்கே பேச உதவியாக இருக்கும்.

---

கொங்குக்காரன் எழுதியது:

படிக்கவே சந்தோசமா இருக்குதுங்க அக்கா. எங்க பக்கம் வள்ளி கும்மி இப்ப ஊரு ஊருக்கு நடக்குதுங்க. சாயங்காலம் கோயில் திடல்ல லைட்டப் போட்டுப் பழகறாங்க. எங்க வூட்டம்மாவும் பையனும் சேர்ந்து பழகுனாங்க. அம்மாவும் புள்ளையும் ஒரே வரிசையில நின்னு ஆடறதுக்கு வேற எந்த விழாவுலயும் எடமில்லைங்களே.

வள்ளி தெனப்புனம் காக்கறதுல இருந்து முருகன் கண்ணாலம் கட்டறது வரைக்கும் கதை பாட்டாவே போகுங்க. ஆசிரியர் ஒரு அடி பாட, ஆடறவங்க திருப்பிப் பாடிக்கிட்டே அடவு மாத்தறாங்க. முன்னால ஆம்பளைங்கதான் ஆடிட்டு இருந்தாங்க. பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து அந்த வழக்கத்த மாத்துனவங்கள்ல முக்கியமானவரு கோவை பத்திரப்பன் ஐயா. 2024-ல அவருக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. அப்ப அவருக்கு எண்பத்தேழு வயசு. பையன் பள்ளிக்கூடத்துல அந்தச் செய்திய வழிபாட்டுக் கூட்டத்துல வாசிச்சாங்க. அதுக்கப்புறம்தான் கும்மி பழக வர்ற பையனுங்க கூடுனாங்க.

பள்ளிக்கூடத்துக்குன்னா ஒண்ணே ஒண்ணுதானுங்க சொல்லுவேன்: அடவுகளக் கம்மி பண்ணுங்க. பெரியவங்க ஆடற அத்தனையும் பத்து வயசுப் புள்ளைக்கு வேண்டியதில்லை. நாலஞ்சு அடவு சுத்தமாப் பழகி, பாட்ட வாய்விட்டுப் பாடுனாப் போதுங்க.

---

இரண்டுபிள்ளைஅம்மா எழுதியது:

உங்கள் இருவருக்கும் அமைந்தது நல்ல பள்ளி. எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம்.

"கிராமியக் கலை நிகழ்ச்சி" என்று சுற்றறிக்கை வந்தது. ஓடியது முழுக்கச் சினிமாப் பாட்டு. கரகம் என்று தலையில் வைத்தது நெகிழிக் குடம். அதையும் தாடைக்குக் கீழே ரப்பர் பட்டை போட்டுக் கட்டிவிட்டார்கள். உடுப்பு வாடகைக்கு எடுக்கச் சொல்லி ஒரு கடையைக் கைகாட்டினார்கள். ஒரு மாதம் கடைசி இரண்டு பீரியட் போயிற்று. சின்னவன் மயிலாட்டத்துக்குத் தோகை கட்டிக்கொண்டு பிற்பகல் வெயிலில் ஒத்திகை நின்று, ராத்திரி காய்ச்சலோடு வந்தான். விழா அன்று பெற்றோர் எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்ததில், பின்வரிசையில் இருந்த என் மாமியாருக்குப் பேரன் முகம்கூடத் தெரியவில்லை.

இதையும் "நம் கலையை வளர்க்கிறோம்" என்றுதான் மேடையில் பேசினார்கள். எனக்கு வந்த வருத்தம் பணத்துக்காக அல்ல. பிள்ளை மனதில் கரகாட்டம் என்றால் இதுதான் என்று பதிந்துவிட்டது. இப்படிச் செய்வதற்குச் செய்யாமலே விட்டுவிடலாம் அல்லவா?

---

கரும்பலகை எழுதியது:

சகோதரி, விட்டுவிட வேண்டாம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை, திருச்சி மாவட்டம். எங்கள் பள்ளியில் செய்வதைச் சொல்கிறேன்.

2022-23 கல்வியாண்டில் தமிழக அரசு பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா தொடங்கியது தெரிந்திருக்கும். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும் போட்டி. மாநிலத்தில் சிறந்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று விருது. அதனால் எங்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை, பிள்ளைகளின் வீடுகளில் என்னென்ன கலை இருக்கிறது என்று கேட்க ஒரு காரணம் கிடைத்ததுதான். ஒருவன் அப்பா உறுமி வாசிப்பவர், ஒருத்தியின் தாத்தா பொம்மலாட்டக்காரர். அது வரை வருகைப் பதிவேட்டில் "கூலி" என்று மட்டும் இருந்தது.

போட்டி ஒரு பக்கம் இருக்கட்டும். விழா நாளில் நாங்கள் போட்டி வைப்பதில்லை. பரிசு வைத்தால் பெற்றோர் அடுத்த பிள்ளையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

கரகத்துக்கு வருகிறேன். குடத்தைக் கட்டிவிடுகிற வேலையே வேண்டாம். ஒரு பித்தளைச் சொம்பில் அரிசியோ மணலோ போட்டால் கனம் அடியில் நிற்கும். துணியைச் சுற்றிச் சும்மாடு செய்து தலையில் வைத்து, அதன்மேல் சொம்பை வைத்து முதலில் நடக்கச் சொல்கிறோம். வகுப்பறையிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை, பிறகு படி ஏறி இறங்க. கண்ணை ஒரு இடத்தில் நிறுத்தினால் கழுத்து தானாக நிலைக்கும். தரையைப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் சொம்பு விழும். இரண்டு வாரத்தில் பாதிப் பிள்ளைகள் கையை விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் கையால் பிடித்துக்கொண்டே ஆடட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. கோயிலில் பூ அலங்காரத்தோடு எடுக்கிற சக்திக் கரகத்துக்கும், உச்சியில் கிளி வைத்து ஆடுகிற ஆட்டக் கரகத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதை அந்தச் சமயத்திலேயே சொல்லிவிடுவேன். தமிழ்ப் பாடத்தில் படிக்கும்போது அவர்களுக்குப் புதிதாக இருப்பதில்லை.

உடுப்புக்கு வீட்டில் இருக்கும் பாவாடை, வேட்டி, துண்டு போதும். ஒயிலாட்டத்துக்கு வேண்டியது கையில் ஒரு துண்டு, காலில் சலங்கை, அவ்வளவுதான்.

படிப்பு கெடும் என்பவர்களுக்கு: அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரி தொடங்கிய பிறகு வைத்தால், பிப்ரவரி செய்முறைத் தேர்வையும் மார்ச் பொதுத்தேர்வையும் தொடாது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பை ஆட்டத்தில் சேர்க்க வேண்டாம். வரவேற்பு, பந்தி, ஒழுங்கு இவற்றைக் கொடுங்கள். அவர்களுக்கும் ஒரு நாள் மூச்சு விடக் கிடைக்கும்.

---

மயிலைத்தாத்தா எழுதியது:

நல்ல இழை. என் பேத்தி பள்ளியிலும் இந்த ஆண்டு இப்படி ஒரு விழா நடந்தது. பொய்க்கால் குதிரை அருமை. கட்டைக்காலோடு ஆடியவர் தஞ்சாவூர்க்காரராம். குழந்தைகள் விழுந்துவிடுவாரோ என்று பயந்து பயந்து ரசித்தார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. விழாவைப் பறையடித்துத் தொடங்கினார்கள். என் வயதுக்காரர்களுக்கு அந்த ஒலி கேட்டால் துக்க வீடுதான் நினைவுக்கு வரும். கலையைக் குறைத்துச் சொல்லவில்லை. குழந்தைகள் விழாவுக்குத் தொடக்கமாக அது வேண்டுமா என்று கேட்கிறேன். யாரையும் புண்படுத்த அல்ல.

---

அடிக்குச்சி எழுதியது:

ஐயா, நீங்கள் மரியாதையாகக் கேட்டதால் நானும் அப்படியே சொல்கிறேன். என் அப்பா பறை அடிப்பவர். அவருடைய அப்பாவும்.

அந்த ஒலி துக்க வீட்டோடு மட்டும் ஒட்டிக்கொண்டது தானாக நடந்ததல்ல. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைகாரர்கள் பெயர் சொல்லியிருக்கிறார்கள். ஏறு தழுவலுக்கும் மீன்பிடிக்கும் அடித்த கருவி அது. பின்னாளில் சாவுக்கு அடிப்பதைச் சில சாதிகளின் கட்டாய ஊழியமாக ஆக்கினார்கள். "வரமாட்டேன்" என்று சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அதனால்தான் எங்கள் ஆட்களிலேயே பலர், இனி இதைத் தொடமாட்டோம் என்று பறையை விட்டார்கள். அதுவும் நியாயமான கோபம்தான்.

இன்னொரு பக்கம், இதையே விடுதலையின் கருவியாக எடுத்துக்கொண்டு மேடைக்குக் கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையோடு ஆடுகிறார்கள். பெண்கள் பறையைத் தொடுவதே நடக்காத காரியமாக இருந்த இடத்தில் நடந்தது இது. மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அப்பா அந்தச் செய்தித்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடை வரைக்கும் போய்வந்தார். யாரிடமும் காட்டவில்லை.

என் தம்பி மகன் படிக்கும் பள்ளியில் விழாவுக்கு அப்பாவை அழைத்தார்கள். முதலில் போகமாட்டேன் என்றார். பிள்ளை கெஞ்சியதால் போனார். மாணவர்கள் முன்னிலையில் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். வேப்பமரச் சட்டம், தோல் எப்படி இழுத்துக் கட்டுகிறார்கள், சூடு ஏறினால் ஏன் சுருதி ஏறுகிறது என்று அவருக்குத் தெரிந்த பேச்சில் சொன்னார். இடது கையில் நீளமான சிம்புக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. ஒரு கை ஒன்றைப் பேச, இன்னொரு கை அதற்குப் பதில் சொல்லும். பிள்ளைகள் முதலில் தொடையில் தட்டிப் பழகினார்கள். பிறகு வரிசையில் நின்று ஆளுக்கு ஒருமுறை பறையில் அடித்துப் பார்த்தார்கள். எல்லா சாதிப் பிள்ளைகளும் நின்ற வரிசை அது. என் தம்பி மகன் வரிசைக்குப் பக்கத்தில் நின்று "எங்க தாத்தா, எங்க தாத்தா" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதே வயதில் நான் என் அப்பாவின் வேலை என்ன என்று வகுப்பில் கேட்டால் எழுந்து நிற்கமாட்டேன், ஐயா. பள்ளி விழாவைப் பறையில் தொடங்கவேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

---

மயிலைத்தாத்தா எழுதியது:

தம்பி, இரண்டு முறை படித்தேன். உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

விழாத் தொடக்கம் நாகசுரமாக இருக்கவேண்டும் என்பது என் பழக்கம். இந்த வயதில் அது போகாது. ஆனால் பேத்தி பறை பழகவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், மருமகள் என் முகத்தைப் பார்த்துத் தயங்குகிறாள். நான் தடை சொல்லப்போவதில்லை. அதை இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுகிறேன்.

---

தவில்வீட்டுப்பெண் எழுதியது:

பள்ளிகள் கலைஞர்களை அழைப்பது பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். அண்ணன் நையாண்டி மேள செட்டில் தவில். நான் கணக்கு வழக்கு பார்ப்பவள்.

அழைக்கிற பள்ளிகள் நல்ல மனதோடுதான் அழைக்கிறார்கள். ஆனால் ஒரு பள்ளியில் கரகம் ஆடும் அக்காவுக்கு உடை மாற்ற இடம் கேட்டதற்கு சைக்கிள் கொட்டகையைக் காட்டினார்கள். காலை எட்டு மணிக்கு வரச்சொல்லி, சிறப்பு விருந்தினர் பேச்சு எல்லாம் முடிந்து மதியத்துக்கு மேல் ஆட விட்டார்கள். சாப்பாடு கேட்கிற நிலைமை வந்தது. "பிள்ளைங்க நிகழ்ச்சிதானே, பார்த்துச் செய்யுங்க" என்று கூலியைக் குறைப்பதும் உண்டு. ஒரு செட் என்றால் எட்டுப் பேர், ஒரு வேன், அன்றைய வேறு வேலையை விட்டு வருகிறார்கள். பேசிய பணத்தில் பாதியை முன்பணமாகக் கொடுங்கள், மீதியை ஆட்டம் முடிந்த கையோடு கொடுங்கள். காசோலை என்று இழுத்தடிக்காதீர்கள்.

ஒன்று தெரிந்துகொண்டால் இரு பக்கமும் நன்மை. எங்களுக்கு மார்கழி வேலையில்லாத மாதம். கல்யாணம் கிடையாது, ஊர்த் திருவிழாவும் பெரும்பாலும் கிடையாது. பங்குனி, சித்திரையில் கூப்பிட்டால் ஆளே கிடைக்கமாட்டார்கள். பள்ளிப் பொங்கல் விழா வருவது மார்கழிக் கடைசியில். அந்த நாலைந்து நாளில் பள்ளிக்கூடங்கள் அழைத்தால் அடுப்பெரியும். பொங்கலுக்கு எங்கள் பிள்ளைகளுக்கும் புதுத்துணி எடுப்போம்.

இரட்டை அர்த்தப் பாட்டு, ஆட்டம் வருமோ என்று தலைமை ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. அப்படி ஆடச் சொல்லிக் காசு கொடுத்தது யார் என்பதையும் நினைக்கவேண்டும். பள்ளி என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சாமிப் பாட்டு, தெம்மாங்கு, அடுக்கு அடுக்காகச் சாகசம் என்று ஆடுவார்கள். தரையில் கிடக்கும் ஊசியைக் குனிந்து கண்ணிமையால் எடுக்கும்போது தலையில் கரகம் அசையாது. அந்த அக்காவுக்கு இதைக் கேட்டு ஆடச் சொல்கிறவர்கள் கிடைத்தாலே போதும்.

---

நெல்லைச்சீமை எழுதியது:

தவில்வீட்டுத் தங்கச்சி சொன்னது அத்தனையும் உண்மை. எங்க ஊர்ல இருந்து ஒண்ணு சேத்துக்கிடுதேன்.

பள்ளிக்கூடத்துக்கு வில்லுப்பாட்டு மாதிரி தோதான கலை கெடையாது. ஆட வராத புள்ளைக்கும் அதுல எடம் உண்டு. ஒருத்தன் வீசுகோல வச்சி வில்லு நாண்ல தட்டுவான், ஒருத்தன் குடம், ஒருத்தன் உடுக்கை, ஒருத்தி ஜால்ரா, ஒருத்தி கட்டை. மிச்சம் உள்ள அம்புட்டுப் பேரும் "ஆமா" போடணும். பாக்க வந்த தாய் தகப்பனும் "ஆமா" போடலாம். எங்க பள்ளிக்கூடத்துல எட்டாம் வகுப்புப் புள்ளைய ஊர்க் குளம் தூர்ந்து போன கதைய வில்லுப்பாட்டாப் பாடிச்சுவ. கேட்டுட்டு இருந்த ஊர்ப் பெரியவங்களுக்கு முகத்த வச்சிக்கிட எடமில்ல.

சுப்பு ஆறுமுகம் ஐயா திருநெல்வேலிக்காரருதான். 2021-ல பத்மஸ்ரீ குடுத்தாவ, 2022-ல காலமாயிட்டாவ. கோயில் கொடையில சாமி கத பாடுத வில்ல, எந்த விசயத்தயும் பாடலாம்னு மேடையிலயும் வானொலியிலயும் காட்டுனவரு. பள்ளிக்கூடம் அந்த வழியப் புடிச்சாப் போதும்.

---

இரண்டுபிள்ளைஅம்மா எழுதியது:

நான் செய்யவே வேண்டாம் என்று எழுதியதை மாற்றிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் சென்னையில் அடுக்குமாடியில் இருக்கும் எங்களுக்குக் கலைஞர்களை எப்படித் தெரியும்? தை மாதம் சென்னை சங்கமம் கலைவிழாவில் பார்ப்பதோடு சரி. பள்ளி நிர்வாகமும் இதையேதான் கேட்கும்.

---

கரும்பலகை எழுதியது:

சங்கமத்திலேயே கேளுங்கள் சகோதரி. ஆட்டம் முடிந்து வியர்வையைத் துடைக்கும்போது போய்ப் பேசினால் குழுத் தலைவரே எண் தருவார். 2007-ல் அந்த விழா தொடங்கியதும், நடுவில் நின்று 2023-ல் மறுபடி வந்ததும் நகரத்துக்காரர்கள் பார்க்கத்தான்.

அது தவிர, அரசின் கலை பண்பாட்டுத் துறைக்கு மண்டல அலுவலகங்கள் உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் போய்க் கேட்டால் நாகசுரம், தவில் ஆசிரியர்கள் வழியாகக் குழுக்கள் தெரியவரும். பிள்ளை தொடர்ந்து பழக விரும்பினால் ஜவகர் சிறுவர் மன்றம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இடைத்தரகர் இல்லாமல் நேரே பேசுவது முக்கியம்.

இன்னொன்று. கலைஞரை அழைக்கப் பணம் இல்லாத ஆண்டும் வரும். அப்போது பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வீட்டுப் பாட்டியிடம் தாலாட்டோ நடவுப் பாட்டோ கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகப் போய் அப்படிப் பாட்டுச் சேகரித்தவர்கள்தான். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கள் பள்ளியில் ஒரு பையன் பாட்டி பாடியதை அப்படியே எழுத முடியாமல், பாட்டியையே வகுப்புக்குக் கூட்டிவந்துவிட்டான். நாங்கள் எதிர்பார்த்ததைவிட நல்லதாயிற்று.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டத்தில் பேசவேண்டியதை எழுதி வைத்துவிட்டேன்: ஒலிப்பதிவு வேண்டாம், உயிர் மேளம் வேண்டும். போட்டியும் பரிசும் வேண்டாம். வாடகை உடுப்பு வேண்டாம். கலைஞர்களுக்கு உடை மாற்ற ஒரு வகுப்பறை, சொன்ன நேரத்தில் ஆட்டம், காலைச் சாப்பாடு, கையோடு பணம். கைப்பேசியில் படம் எடுக்கப் பள்ளியே ஒருவரை நியமித்து எல்லோருக்கும் அனுப்பட்டும், பின்வரிசைப் பாட்டிக்குப் பேரன் முகம் தெரியட்டும். பறை இருக்கவேண்டும் என்பதை நானே எழுந்து சொல்வேன். அடிக்குச்சி, உங்கள் அப்பா மதுரை வரை வருவாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். வேன் செலவு எங்கள் பொறுப்பு.

மாமா சொல்கிறார், அவர் சின்ன வயதில் பார்த்த சக்கைக்குச்சி ஆட்டத்தை இப்போது எங்கேயும் காணோம் என்று. மதுரை, தேனிப் பக்கம் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆசான் யாரையாவது தெரிந்தால் தனிமடலில் எழுதுங்கள். சித்திரை பிறப்பதற்குள் பேசி முடித்தால்தான் அடுத்த மார்கழிக்கு நாள் கிடைக்கும்.